ஆறு சிறகும் ஒரே பக்கம்

என் அருமை மச்சான் முத்துவேலு அவர்களே, எஞ்சின் சத்தம் எட்டாத இடத்தில் இருக்கிறீர்கள், இன்றைக்காவது நான் சொல்வது முழுதாக உங்கள் காதில் விழட்டும்.

நீங்கள் போய் இன்றோடு ஒரு வருசம். லயத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. தோட்டத்தில் பாதிப் பேர் தெவசத்துக்கு வருகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று நான் இந்தக் காகிதத்தை வாசிக்க வேண்டும், வாசித்து முடித்த பிறகுதான் சோறு என்று பாக்கியம் அக்கா சொல்லிவிட்டாள். உங்கள் பெண்டாட்டியின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? கூடப் பிறந்த தம்பி என்று எனக்கு ஒரு சலுகையும் கிடையாது.

முதலில் ஊர்ச் சேதி. ரயில் பதுளைக்கே வந்துவிட்டது மச்சான். தேயிலைப் பெட்டிகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் பண்டாரவளை வரைக்கும் குலுக்கிக்கொண்டு போகிற பாடு இனி இல்லை. நாங்கள் ஒரு கூட்டமாகப் பசறை ரோட்டில் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அந்த எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து நின்றதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான். நீங்கள் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், அதன் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் எங்களை வீட்டுக்குப் போக விட்டிருக்க மாட்டீர்கள்.

ஃபாக்டரி எஞ்சின் ரூமுக்குப் புது ஆள் வந்திருக்கிறான். நல்ல பையன்தான், ஆனால் பெல்ட் கீச்சுக் கீச்சு என்று கத்தினாலும் எழுந்து போய்ப் பார்க்க மாட்டான். என் மகள் செல்லம்மாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வாய் என்றால் வாய், சும்மா இருக்கவே இருக்காது. அவளை இங்கே இழுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

என்ன, சுற்றி வளைக்கிறானே என்று பார்க்கிறீர்களா? ஆமாம், வளைக்கத்தான் செய்கிறேன். சொல்ல வந்தது அவ்வளவு லேசில் வாயில் வருகிற விசயம் இல்லை.

பந்தலில் இருப்பவர்களில் விவரம் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன். நான் ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிற தச்சன். நீங்கள் எஞ்சின்காரர். பெரிய துரை சீமைச் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவர். அங்கே ஆகாய விமானத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனுசனுக்கு அதே நினைப்பு. ஒரு நாள் ஏதோ ஒரு சீமைப் பத்திரிகையிலிருந்து கிழித்த தாளை எடுத்துக்கொண்டு என் கொட்டகைக்கே வந்துவிட்டார். ஒரு முழம் நீளச் சிறகு வைத்து, ரப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் தானாகப் பறக்கிற சின்ன விமானத்தின் படம் அது. பதுளையில் துரைமார் கூடுகிற நாளில் பறக்கவிட மூன்று விமானம் வேண்டும். நடுத்தண்டையும் வாலையும் அவரே பங்களாவில் செய்துகொள்வார். சிறகு ஆறும் நம் பொறுப்பு.

எனக்கு ஒத்தாசைக்கு யார் வேண்டும் என்று கேட்டதும் நான் உங்கள் பெயரைத்தான் சொன்னேன். எஞ்சின் ஓய்ந்திருக்கிற நேரமெல்லாம் நீங்கள் கொட்டகைக்கு வந்தீர்கள். மூங்கிலைப் பிளந்து, வென்னீர் ஆவியில் காட்டி, ஒவ்வொரு பிளாச்சையும் ஒரே மாதிரி வளைத்துக் கொடுத்தது நீங்கள். பட்டு வாங்கப் பதுளைக் கடைவீதிக்குச் சேர்ந்து போனோமே, ஞாபகம் இருக்கிறதா? கடைக்கார நானா பட்டை அளந்துகொண்டே, "இவ்வளவு மெல்லிசாப் பட்டு என்னத்துக்கு? ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டார். நீங்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "மூங்கிலுக்குங்க நானா" என்றீர்கள். அவர் அன்றைக்கு நம்மை எப்படிப் பார்த்தார்!

சிறகு நேராக வர வேண்டுமானால் அதற்கு ஓர் அச்சுப் பலகை வேண்டும். தடித்த பலகையில் சிறகின் உருவத்தை வரைந்து, கோட்டின் இரண்டு பக்கமும் முளை அடித்து, முளைகளுக்கு நடுவே குச்சிகளையும் பிளாச்சுகளையும் கிடத்தி, வச்சிரப் பசை காய்கிற வரைக்கும் அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். முளை சரியாக நின்றால் எத்தனை சிறகு எடுத்தாலும் ஒன்றைப் போலவே மற்றதும் இருக்கும். இது எனக்குப் புது வேலை இல்லை. பெட்டிக்கும் இப்படி ஒரு அச்சு வைத்துத்தான் பதினாலு வருசமாக அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதினாலு வருசம்தான் என் கண்ணைக் கட்டிவிட்டது. துரை கொடுத்த தாளில் இடது பக்கச் சிறகு மட்டும்தான் வரைந்திருந்தது. நீங்கள் அதைப் பார்த்த உடனே, "மாப்ளே, இதுக்கு ரெண்டு பலகை வேணும். எடத்துக்கு ஒண்ணு, வலத்துக்கு ஒண்ணு" என்றீர்கள்.

நான் சிரித்தேன். "எதுக்கு மச்சான்? செஞ்ச சிறகைக் கவுத்துப் போட்டா அந்தப் பக்கத்துக்கு ஆச்சு. பெட்டிக்கு எடம் வலம் பார்த்தா பலகை அறுக்கிறேன்?"

நீங்கள் இரண்டு கையையும் மேசை மேல் வைத்தீர்கள். "இந்தா பாரு. இடது கையைக் கவுத்துப் போட்டா வலது கை உருவம் வந்துடும். ஆனா உள்ளங்கை மேலயா இருக்கணும், கீழயா இருக்கணும்? சிறகுக்கு முதுகு இருக்குல்ல? கவுத்தா முதுகு கீழ போயிடும்டா!"

அதற்கு மேல் எப்படி மச்சான் ஒரு மனுசனுக்கு விளக்க முடியும்? எனக்குப் புரியாமலும் இல்லை. பாதி புரிந்தது. ஆனால் தச்சு வேலையில் எஞ்சின்காரர் எனக்குச் சொல்லித் தருவதா என்று ஒரு கிறுக்கு. நல்ல காய்ந்த பலா மரத்தில் கையில் இருந்தது ஒரே பலகை. நாளும் குறைவு. "சரி, சரி, ரெண்டு போட்டுடறேன்" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டு ஒன்றே ஒன்றுதான் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து நீங்கள் வந்து பார்த்துவிட்டு, "இன்னொரு பலகை எங்க?" என்று கேட்டீர்கள். "மேல்மாடில காயுது மச்சான், சிறகோட" என்றேன். கொழுந்து வாட்டுகிற மாடியில் சூடு இருக்கும், இந்தப் பனிக்கு வச்சிரம் அங்கே வைத்தால்தான் காயும், அது உங்களுக்கும் தெரியும். அதனால் நம்பிவிட்டீர்கள். ஏறிப் போய்ப் பார்க்கவில்லை. இந்தப் பொய்யைப் போன மாதம் வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை துரை நடுத்தண்டுகளோடு மேல்மாடிக்கு வந்தார். ஃபாக்டரியைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா வந்தார். கொழுந்து உருட்டுகிற ரோதை மேடையிலிருந்து கருப்பையாவும் மற்றவர்களும் வேடிக்கை பார்க்க ஏறி வந்தார்கள். துரை ஒரு சிறகை எடுத்து இடது பக்கம் வைத்தார். அழகாக உட்கார்ந்தது. இன்னொன்றை எடுத்து வலது பக்கம் வைத்தார். முதுகு கீழே, வயிறு மேலே. திருப்பினார், முன்பக்கம் பின்னால் போயிற்று. அடுத்ததை எடுத்தார், அதுவும் அப்படியே. ஆறையும் தரையில் வரிசையாக வைத்தார். ஆறும் இடது சிறகு. பட்டு ஒட்டி, பளபளவென்று, ஒரு குறையும் சொல்ல முடியாத ஆறு இடது சிறகு.

"யார் பண்றான் இந்த வேலை?" என்று துரை கேட்டார்.

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அதற்கு முந்தின மாதம்தான் நான் அடித்த பெட்டிகள் வண்டியிலேயே பிரிந்துபோய், இன்னொரு தப்பு நடந்தால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவேன் என்று டீமேக்கர் ஐயா எச்சரித்திருந்தார். வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். வீட்டில் என் பெண்டாட்டி நிறைமாதம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

"நான்தாங்க துரை. அச்சுப் போட்டது நான்தான்" என்று நீங்கள் முன்னால் வந்து நின்றீர்கள்.

துரைக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது. இங்கிலீசில் என்னவோ சொன்னார். டீமேக்கர் ஐயா அதைத் தமிழில் சத்தமாகச் சொன்னார்: "முத்துவேலு, ஒனக்கு ரெண்டும் இடது கைதானாம்!" மாடியே சிரித்தது. நானும், மச்சான், சிரிக்கிறவர்களோடு சேர்ந்து பல்லைக் காட்டினேன். அதை நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் இத்தனை நாள் தூங்கியிருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பெயர் லயம் லயமாகப் பரவிவிட்டது. ரெண்டு இடக்கை. அடுத்த பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணியே அப்படிக் கூப்பிட்டார். நீங்கள் "இருக்கேன்" என்று குரல் கொடுத்தீர்கள்.

கொட்டகையில் நாம் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். "மேல்மாடில காயுதுன்னு சொன்னியே அந்தப் பலகை, அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வா மாப்ளே, பார்ப்போம்" என்றீர்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். நான் அழுதேன். "அட, விடுடா. என்னை வெளியே அனுப்பினா எஞ்சினை யாரு ஓட்டுறது? எனக்கு ஒண்ணும் ஆகாது. புள்ள பொறக்கட்டும். அப்புறம் நீயே டீமேக்கர் ஐயாகிட்ட சொல்லிடு. அது வரைக்கும் என் தலையில கெடக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். புள்ளை பிறந்தது. தொட்டிலில் போட்ட அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தலை நிற்கட்டும் என்றேன், தவழட்டும் என்றேன். ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு. நீங்கள் ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை.

அந்த வருசக் கடைசியில் மேல் டிவிசனில் புது ஃபாக்டரி எழும்பியது. புது எஞ்சின், அதற்குப் பெரிய எஞ்சின்காரர் வேலை, தனியாக இரண்டு அறை வீடு, வாசலிலேயே தண்ணீர்ப் பீலி. தோட்டத்தில் உங்களை விட்டால் அதற்கு ஆள் ஏது? அக்கா சட்டி பானையெல்லாம் சாக்கில் கட்டி வைத்துவிட்டாள். பீலித் தண்ணீர் வாசலில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமைக்கப் போகிறேன் என்று ஆற்றங்கரையில் போய் எல்லாப் பெண்களிடமும் சொல்லிவிட்டு வந்தாள். வேலை பண்டாரவளைப் பக்கத்து ஆளுக்குப் போயிற்று. "ரெண்டு இடக்கைக்காரனை நம்பிப் புது எஞ்சினை எப்படி விடறது?" என்று டீமேக்கர் ஐயா ஃபாக்டரியில் வைத்துச் சொன்னார். நான் பத்தடி தள்ளிப் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது.

அன்று மத்தியானம் நீங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றீர்கள். கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். "புள்ளைக்குக் காய்ச்சல்னாங்களே, இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். தேவலாம் மச்சான் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு நீங்கள் வாய்விட்டுக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனா? எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் வெட்கமாக இருக்கிறது.

பிறகு போன வருச மழைக்காலம், தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்க நனைந்துகொண்டே நின்றது, நெஞ்சுச் சளி, நாலு நாளில் எல்லாம் முடிந்தது. உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது பின்னால் யாரோ ஒருத்தர் ஆதங்கமாகத்தான் சொன்னார், "பாவம், ரெண்டு இடக்கை போய்ச் சேர்ந்துட்டாரு" என்று. அப்போதாவது நான் திரும்பியிருக்க வேண்டாமா? என் தோளில் நீங்கள் இருந்தீர்கள் மச்சான்.

இப்போது என்ன வந்தது, ஏன் இன்றைக்குச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். போன மாதம் சின்னத் துரை அந்தப் பழைய தாளை எங்கேயோ கண்டெடுத்துக்கொண்டு வந்து, ஒரு விமானம் செய்து தரச் சொன்னார். நான் இரண்டு பலகை போட்டேன். ஒன்றின் மேல் ஒன்றை முகத்தோடு முகம் வைத்து முளைக்கு முளை ஒத்துப் பார்த்தேன். நாலு நாளில் சிறகு இரண்டும் வந்தன. நடுத்தண்டில் வைத்ததும் இரண்டு முதுகும் மேலே பார்த்தன. பெரட்டுக் களத்தில் சின்னத் துரை ரப்பரை முறுக்கி விட்டார். விமானம் தேயிலைச் செடிகளுக்கு மேலே போய், ஒரு வளைவு எடுத்து, மெதுவாகத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போது கருப்பையா என் முதுகில் தட்டி, "பாரு, ரெண்டு இடக்கை உன்கூட இல்லாததால எவ்வளவு சரியா வந்துடுச்சு! அன்னைக்கே நீ மட்டும் செஞ்சிருந்தா கெட்டிருக்காதுப்பா" என்றான்.

கருப்பையா, நீ முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாய், உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். ஆனால் எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. களத்திலிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பலகை, மேல்மாடிப் பொய், புள்ளை பிறந்ததும் சொல்கிறேன் என்று கொடுத்த வாக்கு, எல்லாம். முறம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. திட்டுவாள், விளக்குமாற்றை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"புது வீடு இல்லேன்னு ஆன அன்னைக்கு, நானும் அவரை அந்தப் பேரு சொல்லித் திட்டுனேன்டா" என்றாள். "ரெண்டு இடக்கைக்காரனுக்கு வாக்கப்பட்டா எனக்குப் பீலி எங்கேருந்து வரும்னு கேட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

"மச்சான் என்ன சொன்னாரு?"

"கையைக் கழுவிட்டு எழுந்திருச்சுப் போயிட்டாரு. பாதிச் சோறு தட்டுல அப்படியே கெடந்துச்சு."

மச்சான், பெயரை மட்டும்தான் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் சோற்றிலும் மண் போட்டிருக்கிறேன், அதுவும் என் அக்கா கையாலேயே. உங்களிடம் அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது, அதைச் சொல்ல ஒரு வருசத்துக்கு முன்பே ஆள் இல்லாமல் போயிற்று. நான் நேரத்தோடு வாயைத் திறந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள் அல்லவா?

"அக்கா, உன் கால்ல விழறேன்" என்றேன்.

"என் கால்ல எதுக்கு? யார் யாரெல்லாம் சிரிச்சாங்களோ, அவங்க முன்னாடி சொல்லு. தெவசத்துக்கு அத்தனை பேரும் வருவாங்க."

"நீ திட்டினதையுமா?"

"அதையும் எழுது. எனக்கு என்ன மறைக்க இருக்கு? மறைச்ச வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் என்னிடம் அவள் பேசியது இரண்டே வார்த்தை. "வாசிச்சிட்டுத்தான் சோறு."

ஆகவே பந்தலில் இருக்கிற பெரியவர்களே, பெண்டு பிள்ளைகளே, அந்த அச்சைப் போட்டவன் நான். இரண்டு பலகை வேண்டும் என்று சொன்னவர் முத்துவேலு. டீமேக்கர் ஐயாவிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திங்கட்கிழமை வா, பார்க்கலாம் என்றார். பத்துச்சீட்டோ, என்னவோ, வாங்கிக்கொள்கிறேன்.

மச்சான், இன்றைக்குப் பந்தியில் பரிமாறுவது நான். இலையை அக்காதான் எண்ணி அடுக்கியிருக்கிறாள். அதில் எனக்கும் ஒன்று உண்டா என்று கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வருகிறவர்கள் எல்லோரும் தட்டாமல் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும், ஒரு இலையிலும் பாதிச் சோறு மிஞ்சாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து மீறியவன், மறுபடியும் ஒன்று கொடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் இந்தத் தோட்டத்தில் யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் நான்தான் திரும்பிப் பார்ப்பேன். நாளைக்கு என் செல்லம்மாவை யாராவது ரெண்டு இடக்கைக்காரன் மகள் என்று கூப்பிட்டு அவள் அழுதுகொண்டு வந்தால், ஆமாம், அது உன் அப்பன்தான் என்று மடியில் உட்காரவைத்துச் சொல்வேன். அவளுக்காகச் சாகிற வரைக்கும் அதைச் சுமந்தவர் யார் என்றும் சொல்வேன்.

உங்கள் பாக்கியத்தின் தம்பி,
அருணாசலம்